சனி, ஞாயிறு குளிர்ப்பெட்டியை யார் பார்த்தது?

வாசகர் கேள்வி பதில்

பட்டப்பின் படிப்பில் இருக்கும் பிள்ளைகள் கோடை விடுமுறையில் செய்யும் சுகாதார முகாமைத்துவ உள்ளகப் பயிற்சியைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக் கடிதங்கள் பெற்றோருடையவை. அவற்றிலும் பாதி, பிள்ளைக்குத் தெரியாமல் எழுதப்பட்டவை. ஆகவே இந்த முறை பத்தி முழுவதும் அதற்கே. முழங்கால் வலிக்கு வழி கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அதே வலிதான்.

என் மகள் யாழ்ப்பாணத்தில் வணிக முகாமைத்துவம் படித்துவிட்டு, இப்போது அமெரிக்காவில் பொதுச் சுகாதார முதுமாணி செய்கிறாள். மே மாதம் முதல் மூன்று மாதம் உள்ளகப் பயிற்சி என்கிறாள். ஊரில் எல்லோரும் ‘மகள் டொக்டராகிவிட்டாளா?’ என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? (ஒரு தாய், மானிப்பாய்)

‘இல்லை’ என்று சொல்லுங்கள் அம்மா. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

குழப்பம் சொல்லில் இருக்கிறது. இங்கே உள்ளகப் பயிற்சி என்றால் மருத்துவபீடம் முடித்த பிள்ளை வைத்தியசாலையில் நித்திரையில்லாமல் ஓடும் அந்த ஒரு வருடம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். உங்கள் மகள் செய்வது வேறு. அங்கே முதுமாணி பெரும்பாலும் இரண்டு வருடம். இரண்டு வருடத்துக்கும் நடுவில் வரும் கோடை விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு வாரம் ஏதாவது ஒரு சுகாதார நிறுவனத்தில் போய் வேலை செய்ய வேண்டும். அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருந்தால், அந்த நிறுவனத்துக்கு உதவும் வகையில் குறைந்தது இரண்டு ஆக்கங்களையாவது செய்து காட்ட வேண்டும் என்பது விதி. அறிக்கையாக இருக்கலாம், செலவுக் கணக்காக இருக்கலாம், பயிற்சிக் கையேடாக இருக்கலாம்.

வணிகம் படித்த பிள்ளைக்குச் சுகாதாரத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம் நெடுந்தீவைக் காட்டுங்கள். மருந்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. குறிகட்டுவானில் கடல் கொந்தளித்துப் படகு ஓடாத கிழமையிலும் அந்த மருந்து தீவு வைத்தியசாலையின் அலுமாரியில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. எத்தனை நாளைக்கு எத்தனை மாத்திரை, எது முதலில் காலாவதியாகும், யார் கையெழுத்துக்காகக் கடதாசி காத்திருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

மானிப்பாயிலிருந்து எழுதியிருக்கிறீர்கள் என்பதால் ஒன்று. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் உங்கள் ஊரில்தான் வைத்தியசாலை நடத்தினார், மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர் தமிழ் படித்து, கலைச்சொல் தேடி, தமிழிலேயே கற்பித்தார். அமெரிக்காவுக்குப் போயிருக்கும் உங்கள் மகள் அங்கிருந்து பயிற்சிக்காக எந்த நாட்டுக்குப் போனாலும், அந்த ஊர் மொழியில் ‘எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்கவாவது படித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கொழும்பில் முகாமைத்துவ முதுமாணி படிக்கிறேன். ஒரு சுகாதார நிறுவனத்தில் பயிற்சிக்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறது. மருத்துவம் தெரியாதவன் அங்கே போய் என்னதான் செய்ய முடியும்? கணினியில் பதிவு போடத்தான் விடுவார்கள் என்கிறார்கள் நண்பர்கள். (நெல்லியடி வாசகர்)

நண்பர்கள் சொல்வது சரி, பதிவு போடத்தான் விடுவார்கள். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்த பணிமனைகளில் ஒன்று. எது என்று சொல்லப்போவதில்லை. உங்களைப் போலவே முகாமைத்துவம் படிக்கும் ஒரு பையன் எட்டு வாரத்துக்கு வந்தான். அவனுக்கு என்ன வேலை கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை. உண்மையில் அவனை எங்கே உட்கார வைப்பதென்றே தெரியவில்லை. தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியின் வெப்பநிலைத் தாள்கள் ஒரு வருடத்துக்கு உரியவை கட்டாக இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்று என்று கொடுத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போய்விட்டேன்.

அந்தத் தாள் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: மாதத்துக்கு ஒன்று, பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும். காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்து ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைக்க வேண்டும். கோடு 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் ஓட வேண்டும். மாதக் கடைசியில் அதிகாரி கையெழுத்து வைப்பார். அந்த அதிகாரி நான்.

மூன்றாம் நாள் பையன் வந்து நின்றான். “டொக்டர், சனி, ஞாயிறு எல்லாம் நாலு பாகையாகவே இருக்கிறது.” நல்லதுதானே என்றேன். “மற்ற நாட்களில் மூன்றரை, ஐந்து, ஆறு என்று ஏறி இறங்குகிறது. சனி, ஞாயிறில் மட்டும் ஒரு வருடமாக நாலு. அதோடு...” என்று தயங்கிவிட்டு ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். வெள்ளிக்கிழமைப் புள்ளி நீல மை. சனி, ஞாயிறு, திங்கள் மூன்றும் கறுப்பு மை. ஒரே பேனா, ஒரே அழுத்தம். அடுத்த தாளிலும் அப்படியே. கீழே என் கையெழுத்து, எல்லாத் தாளிலும், மிகவும் அழகாக.

எனக்கு வந்த கோபம் அவன் மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரை மணி நேரம் கழித்துத்தான் அது திசை மாறியது.

நானாக இருந்தால் அன்றே அதற்குப் பொறுப்பானவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருப்பேன். பையன் அப்படிச் செய்யவில்லை. “சனிக்கிழமை திறப்பு யாரிடம் இருக்கிறது?” என்று மட்டும் கேட்டுக்கொண்டு திரிந்தான். திறப்பு காவலாளியிடம். காவலாளிக்கு வெப்பமானி பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. பார்க்க வேண்டியவருக்கு வீடு பதினான்கு கிலோமீற்றர் தள்ளி. ஞாயிற்றுக்கிழமை அந்த வழியில் பஸ் இல்லை. அவர் திங்கட்கிழமை வந்து, மனச்சாட்சிக்குப் பயந்து நடுவில் ஒரு எண்ணாகப் பார்த்துப் போட்டிருக்கிறார். எட்டும் இல்லை, இரண்டும் இல்லை, நாலு.

பிறகு, தானாகவே முப்பது நாள் வெப்பநிலையைப் பதியும் சிறு கருவி ஒன்றை இரவல் வாங்கி உள்ளே வைத்தோம். வார இறுதியில் வெப்பம் ஏறியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கருவி மாறாகச் சொன்னது. ஞாயிறு அதிகாலைகளில் ஒன்றரைப் பாகை வரை இறங்கியிருந்தது. காரணம் தெரிந்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை கடைசியாகப் போகிறவர், இரண்டு நாளில் மின்சாரம் நின்றால் தாங்கட்டும் என்று குளிர்க் குமிழைக் கூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சோம்பல் இல்லை, அக்கறை!

அந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியில் தடுப்பூசி காத்தவர்கள் நாங்கள். திரி கரித்தால் பெட்டி சூடாகும், மண்ணெண்ணெய் தீர்ந்தால் எல்லாம் போகும். சூடு என்றால் நாசம், குளிர் என்றால் பாதுகாப்பு என்று எலும்பில் ஏறிவிட்டது. அதைத்தான் நானே இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஐங்கூட்டுத் தடுப்பூசி, ஏற்புத் தடுப்பூசி, ஈரல் அழற்சி பீ தடுப்பூசி போன்றவை உறைந்தால் வீரியம் போய்விடும். குப்பியில் ஒட்டியிருக்கும் நிறம் மாறும் அடையாளம் சூட்டை மட்டும்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. குப்பியைக் குலுக்கி வைத்து, வண்டல் எவ்வளவு வேகமாக அடியில் படிகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல வேளை, எங்கள் பெட்டி உறைநிலைக்குப் போகவில்லை. போயிருந்தால் ஊசி போட்ட பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருப்பேன்.

பையன் விட்டுப்போனது ஒரே ஒரு பக்கம். வார இறுதி முறைப்பட்டியல், காவலாளிக்கு வெப்பமானி படம், ‘குமிழைத் தொடாதே’ என்று ஒரு வரி. நான் ஓய்வு பெற்ற அன்றும் அது கதவில் இருந்தது. அவனுக்கு மருத்துவம் ஒரு சொல்லும் தெரியாது. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது கணக்காய்வுப் பாடத்தில் படித்தது என்றான்.

எங்கள் ஊரில் ஒரு முகவர், ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தில் கோடைகாலப் பயிற்சிக்கு இடம் எடுத்துத் தருவதாகச் சொல்லி மூன்று இலட்சம் ரூபாய் கேட்கிறார். கட்டலாமா? (பெயர் வேண்டாம், கொடிகாமம்)

கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் பொலிஸுக்குப் போங்கள்.

உலக சுகாதார நிறுவனம் விண்ணப்பத்துக்கோ, நேர்காணலுக்கோ, பயிற்சிக்கோ எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை. விண்ணப்பம் அவர்களுடைய தளத்தில் நேரடியாக, நீங்களே போடுவது. வயது இருபதாவது ஆகியிருக்க வேண்டும்; பல்கலைக்கழகத்தில் மூன்று வருட முழுநேரப் படிப்பு முடிந்திருக்க வேண்டும்; இப்போது படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது பட்டம் பெற்று ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பயிற்சிக் காலம் ஆறு வாரம் முதல் இருபத்துநாலு வாரம் வரை. அங்கே வேலை செய்பவரின் நெருங்கிய உறவினருக்கு இடமில்லை. ‘எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது’ என்று முகவர் சொன்னால் அதுவே உங்களுக்குப் பாதகம் என்று அவரிடம் சொல்லுங்கள். பயிற்சி முடிந்தால் வேலை தருவோம் என்ற வாக்குறுதியும் கிடையாது.

முன்பு இந்தப் பயிற்சிக்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை. ஜெனீவாவில் அறை வாடகை கொடுக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் போனார்கள். 2018இல் அந்த நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை ஒரு தீர்மானம் எடுத்தது. 2020 முதல் உதவித்தொகை கொடுக்கிறார்கள். வளர்முக நாடுகளிலிருந்து பாதிப் பேராவது வர வேண்டும் என்பதும் அதே தீர்மானம்தான். அதாவது கொடிகாமத்துப் பிள்ளை போக வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட விதி அது. அதை மூன்று இலட்சத்துக்கு விற்கப் பார்க்கிறார் அந்த மனிதர்.

பொதுச் சுகாதார முதுமாணி முதல் வருடம். மூன்று இடத்தில் பயிற்சி கிடைக்கலாம் போலிருக்கிறது: ஜெனீவாவில் ஒரு பெரிய அமைப்பின் கூட்ட ஒழுங்கமைப்புப் பிரிவு, டாக்காவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வயிற்றோட்டச் சிகிச்சையின் செலவுக் கணக்கு, வாஷிங்டனில் ஓர் ஆலோசனை நிறுவனம், வேலை என்னவென்று இன்னும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் ஜெனீவா என்கிறார்கள். (கோண்டாவில் மாணவி, இப்போது அமெரிக்காவில்)

பிள்ளை, டாக்காவுக்குப் போ.

ஏனென்று கேட்டால், நான் படித்த காலத்தில் ஐரோப்பிய நகரம் ஒன்றில், பெயர் சொன்னால் எல்லோரும் எழுந்து நிற்கும் ஓர் அமைப்பில் எட்டு வாரம் இருந்தேன். அதில் மூன்று வாரம் ஒரு மாநாட்டுக்குப் பெயர் அட்டை செய்தேன். அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் நுழைத்து ஊசி குத்த வேண்டும். நாளுக்கு இருநூறு. நாலு நாட்டு அமைச்சர்களின் பெயரைப் பிழையில்லாமல் எழுதினேன் என்பது அந்தக் கோடையின் சாதனை. என் மேற்பார்வையாளர் என்னை இரண்டு முறை சந்தித்தார். இரண்டாவது முறை, யார் என்று கேட்டார். ஊருக்கு வந்து படத்தைக் காட்டியபோது அம்மா பெருமைப்பட்டார், அது உண்மைதான்.

ஜெனீவாவைக் குறை சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமும், தடுப்பூசிக் கூட்டணியான காவியும், எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியமும் அந்த ஒரு நகரத்தில்தான் இருக்கின்றன. நல்ல மேற்பார்வையாளர் கிடைத்தால் அங்கே ஒரு கோடையில் படிப்பதை வேறெங்கும் படிக்க முடியாது. ஆனால் உனக்குக் கிடைத்திருப்பது கதிரை அடுக்கும் பிரிவு.

டாக்காவில் என்ன இருக்கிறது என்று வீட்டில் சொல். அங்கே 1960இல் வாந்திபேதி ஆய்வுகூடம் ஒன்று தொடங்கியது. வாய்வழி நீரேற்றக் கரைசல், அதாவது நம் வீட்டு அலுமாரியில் கிடக்கும் அந்த ஜீவனிப் பொட்டலம், 1968இல் அங்கே வாந்திபேதி நோயாளிகளிடம் சோதித்து நிறுவப்பட்டது. அதன் பிறகு நடந்ததுதான் உனக்கான பாடம். 1971 போரில் வங்காள அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது, மேற்கு வங்கத்தின் பங்கான் முகாமில் வைத்தியர் திலீப் மகாலனபிஸிடம் நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டே வந்தது. அவர் உப்பையும் குளுக்கோஸையும் பொட்டலம் கட்டி, பீப்பாய்த் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்துப் பருக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. கரைசல் ஏற்கெனவே தெரிந்த மருந்து. அதைத் தாயின் கையில் கொடுக்கலாம், தாதி தேவையில்லை என்பது அவர் எடுத்த முடிவு. அந்த முடிவுக்குப் பெயர்தான் முகாமைத்துவம். ஒரு நோயாளிக்கு இன்று எவ்வளவு செலவாகிறது என்று நீ கணக்குப் போடப்போவது அந்தக் கதையின் தொடர்ச்சி.

வாஷிங்டன்காரருக்கு ஒரு மின்னஞ்சல் எழுது. என்னைப் பார்ப்பவர் யார்? கடைசி நாளன்று நான் மேசையில் வைத்துவிட்டுப் போகும் பொருள் என்ன? அதை அடுத்த மாதம் எடுத்துப் பார்க்கப் போகிறவர் யார்? மூன்றாவது கேள்விக்குப் பெயரோடு பதில் வந்தால் யோசிக்கலாம். ‘துடிப்பான சூழல்’ என்று பதில் வந்தால் விட்டுவிடு.

விண்ணப்பக் கடிதத்தில் என்ன எழுதுவது? என் வரைவை இணைத்திருக்கிறேன். (சங்கானை)

படித்தேன். ‘உலக மக்களின் ஆரோக்கியத்துக்குப் பங்களிக்க வேண்டும் என்ற தணியாத வேட்கை’ என்று தொடங்குகிறது. இதே வேட்கையோடுதான் மற்ற எல்லோரும் எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை முழுவதும் வெட்டிவிடுங்கள். இரண்டாம் பக்கத்தின் அடியில், மன்னிப்புக் கேட்பது போல ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போன நாளில், துண்டின் பின்பக்கத்தில் நேரம் குறித்தீர்கள். இலக்கம் எடுத்தது 7.10. வைத்தியரைப் பார்த்தது 10.40. வைத்தியருக்கு முன்னால் இருந்தது மூன்று நிமிடம். மருந்து வாங்க இன்னும் ஐம்பது நிமிடம். அடுத்த மாதம் போனபோது, நீரிழிவுக்காரரும் இரத்த அழுத்தக்காரரும் வேறு வேறு நேரத்துக்கு வந்தால் என்ன என்று தாதியிடம் கேட்டீர்கள், அவர் சிரித்தார்.

அதுதான் கடிதம். 7.10இல் தொடங்குங்கள். தாதி ஏன் சிரித்தார் என்பதையும் யோசித்து எழுதுங்கள். காலை பஸ் ஒன்றுதான் என்றால் பத்து மணிக்கு வா என்று சொல்லி யாருக்கு என்ன பயன்?

என் மகன் கனடாவில் பிறந்தவன், சுகாதார நிர்வாக முதுமாணி படிக்கிறான். இந்தக் கோடையில் யாழ்ப்பாணத்தில் பயிற்சி செய்ய ஆசைப்படுகிறான். தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. டெங்கு பற்றிச் செய்ய வேண்டுமாம். (ஸ்காபரோ)

ஆசைக்கு என் வாழ்த்து. ஆனால் உங்கள் ஊர்க் கோடையில் எங்கள் ஊரில் டெங்கு குறைவு. இங்கே அது வடகீழ்ப் பருவமழையோடு வருவது. கார்த்திகை, மார்கழி, தையில்தான் கட்டில்கள் நிரம்பும். எலிக்காய்ச்சலும் அப்படித்தான், 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் அது உயிர்களைக் கொண்டுபோனது வயலில் தண்ணீர் நின்ற நாட்களில். ஜூலையில் வந்தால் சோளகக் காற்றும் தூசியும் மாம்பழமும்தான். பல்கலைக்கழகத்தின் நாட்காட்டிக்கு நோய் வராது. வேண்டுமானால், மழைக்கு முந்திய ஆயத்தத்தைப் பார்க்கலாம்: ஆள், மருந்து, வாகனம், எரிபொருள் எல்லாம் புரட்டாதிக்கு முன் தயாரா என்று. பெரும்பாலும் யாரும் எழுதிவைக்காத விடயம் அது.

இன்னொன்றும் தோன்றுகிறது. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள், சரியாக அவன் இருக்கும் காலத்தில். இத்தனை பேர் கூடும் இடத்தில் தண்ணீர், கழிப்பிடம், சாப்பாட்டுக் கடை, மயங்கி விழுபவருக்கு முதலுதவி எல்லாம் யாரோ ஒழுங்குபடுத்துவதால்தான் நடக்கின்றன. ஒரு தண்ணீர்ப் பந்தலில் மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை நின்று, எத்தனை பேர் குடிக்கிறார்கள், குவளை எப்படிக் கழுவப்படுகிறது, தாங்கியில் குளோரின் எத்தனை மணிக்குப் பார்க்கப்பட்டது என்று எண்ணட்டும். நெருப்புக்காய்ச்சலோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய ஊர் இது, அந்தக் கணக்கு எங்களுக்கு உதவும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் அந்த நாட்களில் நிற்க நேரமில்லாமல் ஓடுவார்கள். அவர்களுக்குப் பாரமாகாமல் கூடவே நடக்கத் தெரிந்தால் நிறையப் படிப்பான்.

அனுமதி விடயம் கசப்பானது, முன்பே சொல்லிவிடுகிறேன். யாழ் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் மாகாணத்தின் கீழ். ஓரிடத்துக் கடிதம் மற்ற இடத்தில் செல்லாது. நோயாளியைப் பற்றித் தகவல் சேர்ப்பதென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மருத்துவபீடத்தில் அப்படி ஒரு குழு இருக்கிறது, அதற்கு இங்கே கூட நின்று கையெழுத்திடும் விரிவுரையாளர் ஒருவரைத் தேட வேண்டும். ஜூனில் வர வேண்டுமென்றால் தையில் கடிதம் எழுதுங்கள். விசா எந்த வகை என்பதையும் அப்போதே கேளுங்கள். ‘மாமா ஒருவர் அங்கே இருக்கிறார், உள்ளே விட்டுவிடுவார்’ என்ற வழி வேண்டாம். அப்படி வந்த ஒரு பிள்ளை விடுதியில் நோயாளிகளைப் படம் எடுத்து உலகத்துக்கே காட்டிவிட்டது. பிறகு மூன்று வருடம் எந்த மாணவரையும் உள்ளே எடுக்க நாங்கள் பயந்தோம்.

வாசிப்பு? இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அரிச்சுவடியில் தொடங்கச் சொல்லுங்கள்.

அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகிய பிறகு இந்தத் துறையில் இனி இடமிருக்கிறதா? (சுன்னாகம்)

குறைந்திருக்கிறது. 2025 ஜனவரி 20இல் விலகல் உத்தரவு வந்தது. அதே வருடம் மே மாதம், 2026–27 இரண்டு வருடத்துக்கு 530 கோடி டொலராகத் திட்டமிட்டிருந்த வரவுசெலவைப் பேரவை 420 கோடியாகக் குறைத்து நிறைவேற்றியது. ஆட்களையும் குறைத்தார்கள். பயிற்சி இடம் கிடைத்தவர்கள், மேற்பார்வையாளருடைய வேலை அதுவரை இருக்குமா என்று நாசூக்காகக் கேட்டுக்கொள்வது நல்லது. சிரிப்புக்குச் சொல்லவில்லை.

மறுபக்கம், இருக்கும் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று தெரிந்தவரின் தேவை இப்போதுதான் கூடுதல். ரொக்பெல்லர் போன்ற வெளிநாட்டு அறக்கட்டளைகளின் நிதி இல்லாத இடத்திலும் சுகாதாரம் நடக்க வேண்டும். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு திறக்கப்பட்டபோது வெளிநாட்டு உதவி இருந்தது உண்மை. ஆனால் இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடு என்று சான்று பெற்றது, ஊர் ஊராக இரத்தப் பூச்சு எடுத்துக் கணக்கு வைத்த நம்மவர்களால்.

மூன்று இடத்தில் மறுத்துவிட்டார்கள். கோடை வீணாகப் போகிறது. (அரியாலை)

உங்கள் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கடிதத்தோடு போய், ‘மாதாந்தக் கூட்டத்துக்கு முன் உங்களுக்கு மிகவும் எரிச்சல் தரும் அட்டவணை எது?’ என்று கேளுங்கள். கட்டாயம் ஒன்று இருக்கும்.

மகன் ஜெனீவாவுக்குப் போகிறான், ஜூன் முதல் வாரம். என்ன கட்டிக் கொடுப்பது? (ஒரு தாய், இணுவில்)

இறைச்சியும் நெய்யும் பால் பொருள்களும் வேண்டாம் அம்மா. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பயணியிடம் அவற்றைப் பறித்துவிடுவார்கள். சுவிஸில் நம்மவர் கடைகள் நிறைய, முருங்கைக்காய் கூடக் கிடைக்கும், விலையைக் கேட்டுத்தான் தலை சுற்றும். மூடிய சப்பாத்து ஒரு சோடி, மழைக்கு ஒரு மேலங்கி, கடின மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி இரண்டு. கணினி இருக்கிறதே என்பான், இருக்கட்டும். கூட்டத்தில் மடிக்கணினிக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனை விட, கொப்பியும் பென்சிலுமாக இருப்பவனிடம்தான் ஆட்கள் தாங்களாகப் பேசுகிறார்கள். இது என் அனுபவம்.

மிளகாய்த்தூள் அரைக் கிலோ போதும். இரண்டு பையில் கட்டுங்கள்.